பிரேக் காலிப்பருக்குப் பெயிண்ட் அடிக்கலாமா? கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் உப்புக்காற்று



இது நீளமான பதிவு. வேலைக்கு நடுவில் இருப்பவர்கள் எடுத்து வைத்துக்கொண்டு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வாசியுங்கள். கார் வைத்திருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

கத்தாரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் லீவுக்கு வந்திருக்கிறான். பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறான். முன்சக்கரத்தின் கம்பிகளுக்கு நடுவே போனை வைத்து ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். உள்ளே ஓர் இரும்புத் துண்டு, நம்ம கடப்புறத்து நங்கூரம் மாதிரி பழுப்பேறிப் போய் இருக்கிறது. கீழே கேள்வி: “சாரே, இந்த பிரேக் காலிப்பருக்கு சிவப்பு பெயிண்ட் அடிச்சா கொள்ளாமா? ஒரு மெக்கானிக் வேண்டாம்னு சொல்லுதாரு, இன்னொருத்தரு அடிச்சுத் தாறேன்னு சொல்லுதாரு.”

நான் மெக்கானிக் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஆணியும் சோதனைக்குழாயும் வைத்துப் பாடம் நடத்தியவன். ஆனால் ஒரு பொருள் எங்கிருந்து வந்தது, எதற்காக அப்படி ஆனது என்று தேடிப் பார்த்தால் பல கேள்விகளுக்கு விடை அதிலேயே கிடைத்துவிடும். அவனுக்கு எழுத ஆரம்பித்தது நீண்டுவிட்டது. அவனைப் போல ஊருக்கு வெளியே வேலை பார்த்து, ஊரில் கார் நிறுத்தியிருக்கும் பிள்ளைகள் உங்களில் நிறையப் பேர் என்பதால் எல்லாருக்குமாக இங்கே போடுகிறேன்.

முதலில், காலிப்பர் என்றால் என்ன?

ஒரு சில்வர் தட்டைத் தரையில் நிறுத்திச் சுழற்றி விடுங்கள். கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் அதன் விளிம்பை இரண்டு பக்கமும் பிடியுங்கள், நின்றுவிடும். அந்தத் தட்டுதான் டிஸ்க். இரண்டு விரலின் நுனித்தோல்தான் பிரேக் பேடு. விரல்களைச் சேர்த்து அழுத்தும் கைதான் காலிப்பர். நாம் பெடலைச் சவிட்டும்போது பிரேக் ஆயில் குழாய் வழியாக அழுத்தம் போய், காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் பேடைத் தள்ளுகிறது. பேடு டிஸ்க்கைப் பிடிக்கிறது. வண்டியின் வேகம் முழுவதும் சூடாக மாறிக் காற்றில் போய்விடுகிறது. சைக்கிளில் ரிம்மை இரண்டு ரப்பர் கட்டைகள் பிடிக்குமே, அதே வேலைதான்.

மனிதன் வண்டியை ஓட்டக் கற்றதைவிட நிறுத்தக் கற்றதுதான் பெரும்பாடு. 1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல் தன் இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு மூன்று சக்கர மோட்டார் வண்டியில் மன்ஹைமிலிருந்து பிஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் போனார். நூறு கிலோமீட்டருக்கு மேல். அப்போது பிரேக் என்பது சக்கரத்தில் அழுத்தும் மரக்கட்டை. இறக்கங்களில் அந்தக் கட்டை தேய்ந்துபோனது. வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் நிறுத்தி, கட்டையின் மேல் தோலை ஆணியடித்து வாங்கிக்கொண்டார். உலகின் முதல் பிரேக் லைனிங் அதுதான் என்று சொல்வார்கள். பிரேக் வரலாற்றின் முதல் பெயர்களில் ஒன்று பெண்ணின் பெயர் என்பதை என் மாணவிகள் கவனிக்க வேண்டும்.

1902-இல் பிரான்சில் லூயி ரெனோ டிரம் பிரேக்கைக் கொண்டுவந்தார். அதே 1902-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஃபிரெடரிக் லாஞ்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அவர் பேடாகப் போட்டது செம்பு. அது டிஸ்க்கில் உரசிக் கிறீச்சிட்ட சத்தமும், அந்தக் கால மண் ரோட்டின் புழுதியும் சேர்ந்து அதை மூலையில் போட வைத்தன. டிரம் பிரேக் ஜெயித்தது. எல்லாம் ஒரு மூடிய சட்டிக்குள் இருந்ததால் புழுதி போகவில்லை. அடுத்த ஐம்பது வருடம் உலகம் டிரம்மில்தான் நின்றது.

மூடிய சட்டிக்கு ஒரு குறை உண்டு. உள்ளே சூடு ஏறினால் சீக்கிரம் இறங்காது. சூட்டில் சட்டி விரியும், உள்ளிருந்து அழுத்தும் கட்டைக்கும் சட்டிக்கும் இடைவெளி கூடும், பெடல் கீழே போகும், வண்டி நிற்காது. நீண்ட இறக்கங்களில் லாரிகள் பிடி விட்டுப் போவதற்கு இது ஒரு பெரிய காரணம். 1953 ஜூனில் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜாகுவார் நிறுவனம் டன்லப் டிஸ்க் பிரேக் போட்ட சி-டைப் கார்களை இறக்கியது. டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்ட்டனும் ஓட்டிய கார் ஜெயித்தது. சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது, அந்தப் பந்தயத்தில் அதுவே முதல் முறை. மற்றவர்கள் வளைவுக்கு முன்னாலேயே பிரேக் சவிட்ட, இவர்கள் இன்னும் கொஞ்ச தூரம் ஓடிய பிறகு சவிட்டினார்கள். நன்றாக நிற்கத் தெரிந்தவன்தான் வேகமாக ஓட முடியும் என்பது அன்றைக்கு உலகத்துக்குப் புரிந்தது. 1955-இல் சிட்ரோயன் டி.எஸ். கார் முன்சக்கரத்தில் டிஸ்க்கோடு கடைக்கு வந்தது.

நம்ம மாநிலத்துக் கதையும் இதில் உண்டு. 1962-இல் சென்னை பாடியில் டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் கர்லிங் பிரேக்கைச் செய்துவந்த லூகாஸ் நிறுவனமும் சேர்ந்து பிரேக்ஸ் இந்தியா தொடங்கின. அதே ஆண்டு, அதே பாடியில் ஏர் பிரேக் செய்ய சுந்தரம் கிளேட்டன் வந்தது. நாம் பஸ்ஸில் ஏறி இறங்கிய காலம் முழுவதும் நம்மைப் பத்திரமாக நிறுத்தியதில் பாடி தொழிலாளர்களின் கை உண்டு. ஆனால் அன்றைய அம்பாசடரும் பியட்டும் டிரம் பிரேக் வண்டிகள். 1980-களில் சென்னையின் என்ஃபீல்ட் இந்தியா, ஜெர்மனியின் சுன்டாப் வண்டியை வைத்து ஃப்யூரி 175 என்ற பைக்கைக் கொண்டுவந்தது. அதன் முன்சக்கரத்தில் இத்தாலியின் பிரெம்போ டிஸ்க் பிரேக் இருந்தது. பைக் விற்கவில்லை, காலத்துக்கு முந்திப் பிறந்த பிள்ளை. பிறகு வந்த புதுக் கார்களோடுதான் முன்சக்கரத்தில் டிஸ்க் என்பது நம்ம வீடுகளுக்கு சாதாரணமாக வந்தது.

சரி, இதில் நிறம் எங்கே வந்தது?

இதுவரை சொன்ன கதையில் யாரும் பிரேக்குக்கு நிறம் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். டிரம் பிரேக்குக்குள் இருந்த எதுவும் யார் கண்ணுக்கும் தெரியாது. டிஸ்க் வந்த பிறகும் இரும்புச் சக்கரமும் அதன் மேல் மூடியும் எல்லாவற்றையும் மறைத்தன. அகலமான இடைவெளி விட்ட அலாய் சக்கரம் வந்த பிறகுதான், ரோட்டில் நிற்கும் ஆளுக்குக் காலிப்பர் தெரிய ஆரம்பித்தது. தெரிய ஆரம்பித்ததும் அதற்கு ஆடை தேவைப்பட்டது.

1961-இல் இத்தாலியின் பெர்காமோ பக்கத்தில் தொடங்கிய பிரெம்போ நிறுவனம் 1975-இல் ஃபெராரியின் பந்தயக் கார்களுக்குப் பிரேக் கொடுத்தது. 1990-களில் போர்ஷே கார்களில் சிவப்புக் காலிப்பர் பிரபலமானது. பிறகு அந்த நிறுவனம் நிறத்தை ஒரு மொழி மாதிரியே ஆக்கிவிட்டது. மஞ்சள் என்றால் உள்ளே இருப்பது விலை கூடிய பீங்கான் கலவை டிஸ்க். பளிச்சிடும் பச்சை என்றால் அது ஹைபிரிட் வண்டி. சிவப்பு என்றால் வேக வகை. அங்கே நிறம் உள்ளே உள்ள பொருளைப் பற்றிய அறிவிப்பு. நம்ம படகுகளிலும் இது உண்டு. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு, கடலில் எந்த மாநிலத்துப் படகு என்று தூரத்திலேயே தெரிய வேண்டும் என்று மாநிலத்துக்கு மாநிலம் நிறம் ஒதுக்கினார்கள். அங்கே நிறம் அழகு இல்லை, அடையாள அட்டை.

அடுத்து அந்த அடையாளம் கீழே இறங்கியது. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து 2021-இல் வந்த ஐ20 என் லைன் காரின் முன் காலிப்பர் சிவப்பு. அதைப் பார்த்த இளைஞர்களுக்கு, தங்கள் காரிலும் ஒரு சிவப்புப் பொட்டு வைக்க ஆசை. இதில் தப்பு ஒன்றும் இல்லை. பாலைவனத்தில் இரண்டு வருடம் வெயில் காய்ந்து சம்பாதித்தவன் தன் காரைக் கொஞ்சம் அழகு பார்க்கக் கூடாதா? ஆனால் சிவப்பு அடித்தால் வண்டி கூடுதலாக நிற்காது. அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது நம்ம கடற்கரைக்கு வருவோம். போர்ஷேக்குச் சொன்ன நியாயம் ஒன்று. இனயத்தில் வீட்டு வாசலில் நிற்கும் காருக்கு நியாயம் வேறு.

என்னிடம் படித்தவர்களுக்கு அந்த மூன்று ஆணிச் சோதனை ஞாபகம் இருக்கும். ஒரு குழாயில் ஆணியும் சாதாரணத் தண்ணீரும். ஒன்றில் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர், அதன்மேல் எண்ணெய். ஒன்றில் ஈரம் இல்லாத காற்று. ஒரு வாரம் கழித்து முதல் ஆணி மட்டும் துருப்பிடித்திருக்கும். துருப்பிடிக்கக் காற்றும் வேண்டும், தண்ணீரும் வேண்டும் என்பது பாடம். நாலாவதாக ஒரு குழாயில் நம்ம கடல் தண்ணீரையும் எடுத்து வைப்போம். அந்த ஆணி எல்லாவற்றையும் முந்திவிடும். உப்பு மின்சாரத்தைக் கடத்தும் நீரை உண்டாக்கி, துருவை விரட்டி வேலை வாங்கும். உப்புக்கு இன்னொரு குணமும் உண்டு: காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதனால் மழை பெய்யாத நாளிலும் நம்ம ஊர் இரும்பு ஈரமாகவே இருக்கிறது. ஆனி ஆடியில் கடல் கொந்தளிக்கும்போது ஜன்னல் கம்பியை நாக்கில் தொட்டால் கரிக்கும்.

நம்ம முன்னோர் இதைப் பள்ளிக்கூடம் போகாமலே அறிந்திருந்தார்கள். கட்டுமரத்துக்குப் பூச்சு கிடையாது. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைப் பிரித்து உலர விடுவதுதான் அதற்குப் பராமரிப்பு. வள்ளத்துக்குச் சாளை எண்ணெயும் கொல்லாங்கொட்டைத் தோட்டு எண்ணெயும் தேய்ப்பார்கள். நாற்றம் ஊரைத் தூக்கும், நிறம் கருப்பு. யாரும் அழகுக்காக அதைத் தேய்க்கவில்லை. 1980-களில் பெல்ஜியம் நாட்டவரான பியர் ஜில்லே முட்டத்தில் பிளைவுட் வள்ளம் கட்டும் வேலையை முன்னெடுத்தார். பிறகு பைபர் வந்தது. வள்ளத்தின் முகத்தில் நீலமும் மஞ்சளும் புனிதர்களின் பெயர்களும் பளபளத்தன. அப்போதும் நம்ம ஆட்களுக்கு வரிசை தெரியும்: முதலில் மூட்டு அடைப்பார்கள், அப்புறம்தான் பெயர் எழுதுவார்கள். ஓட்டை வள்ளத்துக்கு யாரும் பெயர் எழுதி இறக்குவதில்லை.

கன்னியாகுமரிக் கடலில் 2000 ஜனவரி 1 முதல் நிற்கும் 133 அடி வள்ளுவர் சிலையைப் பாருங்கள். அது கல். கல்லையே உப்பு விடுவதில்லை. சில வருடத்துக்கு ஒரு முறை சாரம் கட்டி, சிலையைக் கழுவி, காகிதக் கூழைப் பூசுகிறார்கள். கூழ் காயும்போது கல்லுக்குள் இருக்கும் உப்பை உறிஞ்சிக்கொள்ளும். அதை எடுத்துக் கழுவிய பிறகுதான் ரசாயனப் பூச்சு. நான் இந்தப் பதிவில் சொல்ல வந்ததில் பாதி அந்தக் காகிதக் கூழில் இருக்கிறது. உப்பை உள்ளே வைத்து மேலே பூசினால், பூச்சு உப்புக்குப் போர்வை ஆகிவிடும். உள்ளே அது நிம்மதியாகத் தன் வேலையைப் பார்க்கும்.

பாம்பன் பாலமும் அதே பாடம். 1914 பிப்ரவரி 24-இல் திறந்த பழைய ரயில் பாலத்தைத் துருவிலிருந்து காப்பது நூறு வருடத்துக்கு மேல் நடந்த ஓயாத போராட்டம். 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதுப் பாலத்துக்குப் பாலிசிலாக்சேன் என்ற சிறப்புப் பூச்சு அடித்திருக்கிறார்கள். கடலோரத்தில் இரும்புக்குப் பெயிண்ட் அடிப்பது ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் பாம்பனைக் காட்டுங்கள்.

பெயிண்ட் பற்றிப் பேசும்போது நம்ம மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, அது மணவாளக்குறிச்சிக் கரை மணல் என்றும் அதில் மோனசைட் இருக்கிறது என்றும் கண்டுபிடித்தார். அதே கருமணலில்தான் இல்மனைட்டும் இருக்கிறது. இல்மனைட்டிலிருந்து எடுப்பது டைட்டானியம் டை ஆக்சைடு. உலகம் முழுக்க வெள்ளைப் பெயிண்டின் வெள்ளை அதுதான். இன்றைக்குக் கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேரில் இந்த மணலை எடுக்கும் திட்டம் பற்றி நம்ம கிராமங்கள் கவலையோடு பேசிக்கொண்டிருக்கின்றன. ஒரு டப்பா பெயிண்டுக்குப் பின்னால் ஒரு கரை இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது.

இன்னொன்று. கதவுக்கும் கிரில்லுக்கும் அடிக்கும் ரெட் ஆக்சைடு இருக்கிறதே, அதன் சிவப்பு வேறு ஒன்றும் இல்லை, இரும்பு ஆக்சைடு. அதாவது துருவின் இனம்தான். துருவைப் பொடியாக்கி எண்ணெயில் குழைத்து இரும்புக்கே காவல் வைத்தான் மனிதன்! ஆனால் கிரில்லுக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடையும் எனாமலையும் காலிப்பருக்கு அடிக்கக் கூடாது. இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் டிஸ்க்கின் சூடு சில நூறு டிகிரிக்குப் போகும். காலிப்பர் அவ்வளவு சூடாகாது என்றாலும் சாதாரணப் பெயிண்ட் இளகிக் கருகும் அளவுக்குச் சூடாகும்.

இனி உண்மையான பிரச்சினைக்கு வருகிறேன்.

நம்ம ஊர்க் காரின் முதல் நோய் ஓட்டம் அல்ல, ஓய்வு. சொந்தக்காரன் கத்தாரிலோ பஹ்ரைனிலோ கப்பலிலோ இருப்பான். வண்டி பத்து மாதம் வீட்டு முற்றத்தில் உப்புக்காற்றில் கிடக்கும். அப்பா வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் செய்து அணைப்பார், உருட்ட மாட்டார். லீவுக்கு வந்தவன் மறுநாளே குழந்தைகளை ஏற்றிக்கொண்டு திருமண வீட்டுக்குப் போவான்.

இந்தப் பத்து மாதத்தில் பிரேக்கில் மூன்று காரியம் நடக்கிறது.

ஒன்று, சாதாரணக் கார்களின் காலிப்பர் இரண்டு வழவழப்பான ஊசிகளின் மேல் முன்னும் பின்னும் நகர வேண்டும். மெக்கானிக்குகள் பின் என்பார்கள். அதற்கு ரப்பர் உறையும் கிரீஸும் உண்டு. உறை கிழிந்து உப்பு உள்ளே போனால் பின் இறுகிவிடும். அப்புறம் ஒரு பக்கத்துப் பேடு மட்டும் வேலை செய்யும். வண்டி பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கமாக இழுக்கும். அல்லது பேடு விடாமல் உரசிச் சூடேறும்.

இரண்டு, பிஸ்டனின் ரப்பர் உறை கிழிந்தால் பிஸ்டனே துருப்பிடித்துப் பிடித்துக்கொள்ளும்.

மூன்று, பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 டிகிரி. டாட் 4 ஆயிலுக்கு 230, ஈரம் ஏறினால் 155. ஆயில் கொதித்தால் குமிழி வரும். குமிழியை அழுத்தினால் அது சுருங்கும், பேடைத் தள்ளாது. பெடல் பஞ்சு மாதிரி கீழே போகும். பிரேக் கைவிடுவது அப்படித்தான்.

இந்த மூன்றில் ஒன்றையும் பெயிண்ட் சரிசெய்யாது. ஒன்றை மட்டும் அது செய்யும்: நோயை மறைக்கும். பழுப்பேறிய காலிப்பர் உங்களைப் பார்த்து “என்னைக் கவனி” என்கிறது. கவனிக்காமல் சிவப்பு அடித்தால் அதன் வாயை மூடினது மாதிரி.

என் உறவுக்காரப் பையன் ஒருவன் வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பட்டறையில் சக்கரத்தைக் கழற்றாமலே, கம்பி இடைவெளி வழியாக ஸ்பிரே அடித்துக் கொடுத்துவிட்டார்கள். பார்க்க ஜோராக இருந்தது. பெயிண்ட் துளி டிஸ்க்கிலும் பேடிலும் படிந்திருந்தது யாருக்கும் தெரியவில்லை. கருங்கல் பக்கமிருந்து கடற்கரைக்கு இறங்கும்போது முதல் சவிட்டில் வண்டி வழுக்கிக்கொண்டே போய், வளைவின் ஓரத்து மண்ணில் ஏறி நின்றது. பின் இருக்கையில் இரண்டு பிள்ளைகள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கடவுளுக்கு நன்றி. ஒரு சிவப்புப் பூச்சுக்கு அது கொடுக்க வேண்டிய விலையா?

ஆகவே என் விடை: அடிக்கலாம். நம்ம ஊரில் அடிப்பது நல்லதும்கூட. கம்பெனி பூசிய துத்தநாகப் பூச்சு போன பிறகு, வார்ப்பிரும்பைக் காக்க வேறு வழி இல்லை. மெல்லிய பூச்சினால் பிரேக் சூடு தணியாமல் போய்விடும் என்று பயப்பட வேண்டாம், சூட்டில் பெரும்பகுதியை டிஸ்க்தான் காற்றுக்குக் கொடுக்கிறது. ஆனால் வள்ளத்துக்குச் சொன்ன வரிசைதான் இதற்கும்.

1. முதல் காசு பிரேக்குக்கு. பேடு எவ்வளவு கனம் இருக்கிறது, பின் நகர்கிறதா, ரப்பர் உறைகள் முழுசாக இருக்கின்றனவா, குழாயில் வெடிப்பு உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். பேடு 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றுங்கள். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகிவிட்டால் மாற்றுங்கள்.

2. பெயிண்ட் அடிப்பதானால் சக்கரத்தைக் கழற்றி, வண்டியை ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்திய பிறகுதான். வெறும் ஜாக்கியை நம்பக் கூடாது. காலிப்பரைக் கழற்றினால் அதை ரப்பர் குழாயில் தொங்க விடக் கூடாது, கம்பியால் கட்டி வைக்க வேண்டும்.

3. நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, உலர விட்டு, கம்பி பிரஷால் துருவை எடுத்து, பிரேக் கிளீனரால் எண்ணெய்ப் பசையைத் துடைக்க வேண்டும். வள்ளுவர் சிலைக்குக் காகிதக் கூழ் என்றால் காலிப்பருக்கு இது. பிரேக் தூசியை வாயால் ஊதவோ காற்றுக் குழாயால் அடிக்கவோ வேண்டாம். பழைய லைனிங்குகளில் கல்நார் இருந்தது, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

4. பெயிண்ட் படக் கூடாத இடங்கள்: டிஸ்க், பேடு, பின்களின் ரப்பர் உறை, பிஸ்டன் உறை, ரப்பர் குழாய், காற்றெடுக்கும் நிப்பிள், சக்கரம் வந்து உட்காரும் முகம். எல்லாவற்றையும் டேப்பும் காகிதமும் வைத்து மூட வேண்டும்.

5. காலிப்பருக்கென்றே விற்கும், சூடு தாங்கும் பெயிண்ட் மட்டும். தடிமனாக ஒரே தடவை வேண்டாம். மெல்லியதாக இரண்டு மூன்று தடவை, நடுவில் காய விட்டு. பிரேக் ஆயில் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும் என்பதால் ஆயில் மாற்றும் வேலையை முதலில் முடித்துவிடுங்கள்.

6. வண்டியை எடுக்கும் முன் பெடலைப் பல தடவை அழுத்தி, கெட்டியாக வருகிறதா என்று பாருங்கள். ஆள் இல்லாத சமதளத்தில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பாருங்கள். பிறகுதான் பிள்ளைகளை ஏற்ற வேண்டும்.

7. கடையில் விற்கும் பிளாஸ்டிக் மூடியை, பெரிய கம்பெனி பெயர் போட்டது, காலிப்பர் மேல் ஒட்ட வேண்டாம். கழன்றால் சக்கரத்துக்குள் சிக்கும். சூட்டையும் அடைக்கும். பெயர் மட்டும் பெரிதாக இருந்து என்ன பயன்?

காரின் உடல் நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும். காலிப்பரின் நிறம் ஆர்.சி.யில் எழுதப்படுவதில்லை, அந்தக் கவலை வேண்டாம். சிவப்பா, கருப்பா என்பது உங்கள் இஷ்டம். என்னைக் கேட்டால் வெள்ளி நிறம் சொல்வேன். துரு திரும்ப வந்தால் உடனே தெரியும், ஆயில் கசிந்தாலும் தெரியும்.

கடைசியாக ஒன்று. டிஸ்க்கின் முகத்துக்கு மட்டும் உலகத்தில் யாரும் பெயிண்ட் அடித்து ஓட்ட முடியாது. அது வெறும் இரும்பாகத்தான் இருந்தாக வேண்டும். ஒரு ராத்திரி மழையில் அது செம்மண் நிறம் ஆகும். மறுநாள் காலையில் நாலு தடவை பிரேக் பிடித்தால் மறுபடி வெள்ளிபோல மின்னும். வேலை செய்வதுதான் அதற்குப் பாதுகாப்பு. அதனால் வண்டியை ஊரில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் அப்பாவிடமோ மச்சானிடமோ சொல்லிவிட்டுப் போங்கள்: வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் செய்து அணைத்தால் போதாது, கருங்கல் வரை ஓட்டிப்போய் நாலு இடத்தில் நிறுத்தி வர வேண்டும். நிறுத்தி வைக்கும்போது ஹேண்ட் பிரேக்கை மாதக்கணக்கில் இழுத்து வைக்காமல், கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொல்லுங்கள். இதற்குப் பெயிண்டை விடச் செலவு குறைவு.

ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் என் மாணவர்கள் நாலைந்து பேர் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் கைக்கு வந்த கடற்கரை வண்டிகளின் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அது உபயோகமாக இருக்கும். வீட்டில் கார் நிற்கும் ஆட்களுக்கு இதை அனுப்பி வையுங்கள்.

எல்லாரும் நல்லா இருங்க, மக்களே. பார்த்து ஓட்டுங்க.